வலி மிகும் இடங்களும் மிகா இடங்களும்

ஆய்வுப் பொருள்: அடியேனின் இடது கணுக்கால், வயது 47. ஒப்பீட்டுக்கு வலது கணுக்கால், அதே வயது. மருத்துவ ஆய்வுகளில் ஒன்றும் செய்யாமல் சும்மா வைத்திருக்கும் ஒரு கூட்டம் இருக்குமே, கட்டுப்பாட்டுக் குழு, அந்தப் பதவி அதற்கு. ஆய்வுக் காலம் 19 நாள். நெறியாளர், என் மனைவி. நிதியுதவி எந்த அமைப்பிடமிருந்தும் பெறப்படவில்லை. மாறாக, ஒரு 10 கிலோமீட்டர் ஓட்டத்துக்கு நான் முன்கூட்டியே கட்டிய 1,200 ரூபாய், ‘எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படமாட்டாது’ என்ற குறிப்போடு நிலுவையில் இருந்தது. இந்தக் குறிப்பு ஆய்வாளரின் நடுநிலையைப் பாதித்ததா என்று கேட்டால், பாதித்தது.

சிக்கல்

ஒரு செவ்வாய்க்கிழமை, காலை 5.40. பெசன்ட் நகர் கடற்கரையில் ஷ்மிட் நினைவுச் சின்னத்தருகே கிளம்பி உள்தெருக்களைச் சுற்றி வரும் வழக்கமான ஓட்டம். ஓரிடத்தில் தூங்குமூஞ்சி மரத்தின் வேர் நடைபாதைக் கல்லை இரண்டு அங்குலம் தூக்கி வைத்திருக்கிறது. மூன்று வருடமாக அந்தக் கல்லை எனக்குத் தெரியும்; அதற்கும் என்னைத் தெரியும். அன்றைக்கு எங்கள் இருவரில் ஒருவர் கவனிக்கவில்லை. பாதம் உள்நோக்கி மடங்கி, உடம்பின் எடை முழுக்க வெளிவிளிம்பில் விழுந்தது. ‘ணக்’ என்று ஒரு சத்தம்.

அடிபட்டவனின் முதல் வினை எது என்பதில் அறிஞர்கள் தவறிவிட்டார்கள். வலியை உணர்வது அல்ல. யாராவது பார்த்தார்களா என்று சுற்றுமுற்றும் பார்ப்பதே முதல் வினை. பால் போடும் பையன் பார்த்துவிட்டான். அதனால் எனக்கு வலி உடனே வரவில்லை. நாற்பது மீட்டர் நிமிர்ந்து நடந்து, தெருமுனை திரும்பி, அவன் கண்ணில் படாத இடத்துக்குப் போன பிறகே வந்தது. வந்தது முழுசாக வந்தது.

ஓட்டத்துக்கு இன்னும் 19 நாள். பயிற்சியை விடலாமா, தொடரலாமா? இதுவே ஆய்வுச் சிக்கல்.

சொல்லாய்வு

காலை நீட்டி உட்கார்ந்தவனுக்கு வேறு வேலை இல்லாததால் அகராதியை எடுத்தேன். ‘வலி’ என்றால் நோவு. ‘வலி’ என்றால் வலிமை. ‘வலி’ என்றால் வல்லெழுத்து. நோவையும் பலத்தையும் ஒரே சொல்லில் போட்டு வைத்திருக்கிற மொழியில் பிறந்தவனிடம் “வலி இருக்கா?” என்று கேட்டால் அவன் எதை நினைத்து ‘இருக்கு’ என்பான்? இந்தக் குழப்பத்தால் நம் ஊரில் தேய்ந்த முட்டிகள் பல என்பது என் துணிபு. யாழ்ப்பாணத்தார் தப்பித்தார்கள். அவர்கள் ‘கால் நோகுது’ என்பார்கள். அதில் பெருமை அடித்துக்கொள்ள இடமில்லை.

வகைப்பாட்டுக்கு வருவோம். கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்து ரொனால்ட் மெல்சாக், 1975-ல் வலியை விவரிக்கும் 78 சொற்களை 20 கட்டாகப் பிரித்து ஒரு வினாத்தாள் வெளியிட்டார். உலகம் வியந்தது. என் அம்மாவிடம் கேட்டிருந்தால் வேலை சீக்கிரம் முடிந்திருக்கும். குத்தல், குடைச்சல், கடுப்பு, உளைச்சல், பிடிப்பு, இழுப்பு, ‘சுருக்’, ‘சுரீர்’, ‘விண்விண்’, ‘நமநம’ என்று அம்மா முட்டிக்கு மட்டும் ஒரு பட்டியல் வைத்திருக்கிறாள். மழைக்காலத்துக்குத் தனிச் சொல் உண்டு.

இதில் ஓடுகிறவனுக்கு வேண்டிய வேறுபாடு ஒன்றுதான்: கடுப்பும் குத்தலும். வழக்கத்தைவிடக் கூடுதலாக ஓடிய மறுநாளோ அதற்கடுத்த நாளோ இரண்டு தொடையும் கெண்டைக்காலும் சேர்ந்து கடுக்கும். மூன்றாம் நாளுக்குள் உச்சம் தொட்டு இறங்கிவிடும். அது பழகாத வேலை செய்த தசையின் முணுமுணுப்பு. லாக்டிக் அமிலம் தேங்கியதால் என்று எங்கள் குழுவில் இன்னும் சொல்கிறார்கள். அந்த அமிலம் ஓடி முடித்த ஒன்றிரண்டு மணி நேரத்திலேயே வடிந்துவிடும், பாவம், அது வீட்டில் இல்லாத நேரத்தில் நடந்த திருட்டுக்கு அதன் மேல் வழக்கு. குத்தல் வேறு. அது ஒரு பக்கம் மட்டும், ஓர் இடத்தில் மட்டும் இருக்கும். சுருங்கச் சொன்னால், உள்ளங்கையால் தடவிக் காட்டும் வலியோடு ஓடலாம். ஒற்றை விரலால் தொட்டுக் காட்டும் வலியோடு யோசிக்க வேண்டும். நான் ஒற்றை விரலால்தான் காட்டினேன். ஆனால் காட்டும்போது மற்ற விரல்களையும் கொஞ்சம் விரித்து வைத்துக்கொண்டேன்.

இலக்கண அடிப்படை

எட்டாம் வகுப்பில் நம் எல்லோரையும் அழவைத்த பாடம் ‘வலி மிகும் இடங்கள், வலி மிகா இடங்கள்’. க, ச, த, ப எங்கே இரட்டிக்கும், எங்கே இரட்டிக்காது என்ற சங்கதி. அது சந்தி இலக்கணம் என்று அன்று நினைத்தது அறியாமை. விளையாட்டு மருத்துவம் முழுவதும் அதற்குள் இருக்கிறது.

இரண்டாம் வேற்றுமை உருபு வெளிப்படையாக வந்தால் வலி மிகும்: ‘காலைப் பிடித்தான்’. பிடித்தால் மிகத்தான் செய்யும். அதை நான் மருத்துவரிடமே சோதித்துப் பார்த்தேன். உம்மைத்தொகையில் வலி மிகாது: ‘கைகால்’. இது நடைமுறைக்கு முரண் என்று என் வயதுக்காரர்கள் ஆட்சேபிக்கலாம். இரட்டைக்கிளவியில் வலி மிகாது: ஆகவே ‘குடுகுடு’ என்று ஓடலாம், இலக்கணமே அனுமதி கொடுத்திருக்கிறது. வினைத்தொகையில் வலி மிகாது. இதற்கு ஆசிரியர் தவறாமல் தரும் எடுத்துக்காட்டு ‘சுடுகாடு’. அங்கே மிகாது என்பதை மட்டும் எல்லாத் துறை அறிஞர்களும் ஒருமனதாக ஏற்பார்கள்.

விளையாட்டை விட்டுச் சொன்னால், கேட்க வேண்டிய கேள்வி இதுவேதான். வலி இருக்கிறதா என்பதல்ல, மிகுமா, மிகாதா?

பரபக்கம்

பிறர் மதத்தை முதலில் கூறி மறுத்துவிட்டுத் தன் மதத்தை நிறுவுவது சித்தாந்த மரபு. பிறர் மதம், ‘ஓடினால் சரியாகிவிடும்’ மதம். இதன் மடாதிபதி எங்கள் ஓட்டக் குழுவின் கேப்டன். அடிபட்ட படத்தை வாட்ஸ்அப்பில் போட்ட நான்காவது நிமிடம் பதில் வந்தது: “சார், லேசான சுளுக்குதான். நாளைக்கு ஈஸி ஃபைவ். மைண்ட்தான் எல்லாம்.” கூடவே மூன்று நெருப்பு, ஒரு புஜம்.

இந்த மதத்துக்குப் புராணங்கள் உண்டு. 2002, ஆன்டிகுவா: தாடை உடைந்த அனில் கும்ப்ளே, முகத்தைச் சுற்றிக் கட்டுப் போட்டுக்கொண்டு 14 ஓவர் வீசி லாராவின் விக்கெட்டை எடுத்தார். 2021 ஜனவரி, சிட்னி: தொடைத் தசை கிழிந்த ஹனுமா விஹாரி 161 பந்தில் 23, ஷூ லேஸ் கட்டக்கூடக் குனிய முடியாத முதுகுவலியோடு நம்ம ஊர் அஸ்வின் 128 பந்தில் 39. இருவரும் அவுட் ஆகாமல் நின்று டெஸ்டைக் காப்பாற்றினார்கள். ஸ்டம்ப் மைக்கில் தமிழ் கேட்டது. அன்றைக்கு மாம்பலம் முழுக்க நிமிர்ந்து நடந்தது. 2024 செப்டம்பர், பிரஸ்ஸல்ஸ்: இடது கையில் எலும்பு முறிவோடு நீரஜ் சோப்ரா ஈட்டியை 87.86 மீட்டர் எறிந்து, ஒரே ஒரு சென்டிமீட்டரில் முதலிடத்தைத் தவறவிட்டார்.

கேட்கும்போது எனக்கும் மயிர்க்கூச்செறிந்தது. ஆனால் ஆய்வாளன் அடுத்த பக்கத்தையும் புரட்ட வேண்டும். கும்ப்ளே அதன் பிறகு விமானம் ஏறியது அறுவைச் சிகிச்சைக்கு. சிட்னிக்கு அடுத்து நடந்த பிரிஸ்பேன் டெஸ்டில் விஹாரியும் இல்லை, அஸ்வினும் இல்லை. நீரஜ் எறிவது வலது கையால். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் கணுக்கால் பிசகிய அமெரிக்க ஜிம்னாஸ்டிக் வீராங்கனை கெர்ரி ஸ்ட்ரக் இரண்டாம் முறையும் ஓடிவந்து குதித்து, ஒற்றைக் காலில் நின்று காட்டினார். பின்னால் கணக்கைக் கூட்டிப் பார்த்தால், அந்தக் குதி இல்லாமலே அமெரிக்காவுக்குத் தங்கம் உறுதி. கூட்டிப் பார்க்க அன்று யாருக்கும் நேரமில்லை. இதற்கு எதிர்ப்புராணமும் உண்டு, அதை யாரும் பாராயணம் செய்வதில்லை: 2008-ல் பெய்ஜிங்கில், சொந்த மண்ணில், நாடே பார்த்திருக்க, சீனாவின் லியு ஷியாங் குதிகாலின் அக்கிலீஸ் நாண் வலியால் தடை ஓட்டத்தின் தொடக்கக் கோட்டிலிருந்து திரும்பி உள்ளே நடந்தார். நடப்பதற்கு ஓடுவதைவிட எவ்வளவு நெஞ்சுரம் வேண்டியிருந்திருக்கும்!

மேலும் ஒரு வேறுபாடு. மேற்படியார் பந்தயத்தில் வைத்தது நாட்டின் மானம். நான் வைத்தது, வந்தவர்கள் எல்லோருக்கும் கழுத்தில் மாட்டிவிடும் ஒரு தகர மெடல். அது எங்கள் வீட்டில் ஏற்கெனவே ஏழு இருக்கிறது, ஒன்று கிணற்றடி மோட்டார் சாவியில் தொங்குகிறது.

சுபக்கம்

ஓய்வு மதத்தினர் ஒற்றுமை இல்லாதவர்கள். எடுத்த எடுப்பில் ஐஸா, ஒத்தடமா என்பதிலேயே பிளவு.

அம்மா உப்பு ஒத்தடம் என்றாள். மேல்தளத்து மாமி புளியும் உப்பும் கொதிக்கவைத்துப் பற்றுப் போடச் சொன்னார். வாட்ச்மேன், “கால் முன்னால வந்து பொறந்தவங்க யாராச்சும் மூணு மிதி மிதிச்சா சுளுக்கு விட்டுடும் சார், எங்க சித்தப்பா மவன் இருக்கான், வரச் சொல்லட்டுமா?” என்றார். பிரசவத்தில் தலைகீழாக வந்தவனுக்கு இப்படி ஒரு தொழில்வாய்ப்பை ஏற்படுத்திய சமூகம் கருணையுள்ள சமூகம் என்றுதான் சொல்ல வேண்டும். அலுவலக நண்பர் புத்தூர்க் கட்டு என்றார். சிறிய பிசகுக்கே மூங்கில் பத்தை வைத்துக் கட்டிவிடுவார்கள், அப்புறம் ஓடலாமா என்ற கேள்வியே எழாது என்பது அதன் சிறப்பு.

ஐஸ் கட்சியின் வேதம் நான்கு சொல்: ஓய்வு, ஐஸ், இறுக்கக் கட்டு, உயர்த்தி வைப்பு. அமெரிக்க மருத்துவர் கேப் மிர்க்கின் 1978-ல் ஒரு புத்தகத்தில் வகுத்துக் கொடுத்தது. முப்பத்தாறு வருடம் உலகமே கால்களை ஐஸில் வைத்திருந்த பிறகு, 2014-ல் அவரே, ஐஸும் முழு ஓய்வும் ஆறுவதைத் தாமதப்படுத்தலாம் என்று எழுதினார். வீக்கம் என்பது உடம்பு பழுதுபார்க்க அனுப்பும் ஆட்களின் கூட்டம். அவர்களை வாசலிலேயே குளிரில் நிறுத்திவைத்தால் வேலை எப்படி நடக்கும் என்பது வாதம். ஆனாலும் வலி மரத்துப்போக ஐஸ் நல்லதுதான். எங்கள் வீட்டில் ஐஸ் பை கிடையாது; ஃபிரீசரில் இருந்த ஆவின் பால் பாக்கெட்டை வைத்தோம். முதல் நாள் நீலம், இரண்டாம் நாள் ஆரஞ்சு. 3 சதவீதக் கொழுப்புக்கும் 6 சதவீதக் கொழுப்புக்கும் வீக்கத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. மாலைக் காபி மட்டும் ஆரஞ்சில் நன்றாக இருந்தது.

மூன்றாம் நாள் மருத்துவர். அவர் பேசவில்லை, அழுத்தினார். கணுக்கால் முட்டின் பின்விளிம்பு இரண்டு பக்கமும், பாதத்தின் வெளிப்புற நடு, உட்புற நடு. பிறகு “நாலு அடி நடங்க” என்றார். 1992-ல் கனடாவின் ஒட்டாவா நகரத்து மருத்துவர்கள் வகுத்த விதி அது: அந்த எலும்புகளில் தொட்டால் வலி இல்லை, நாலு அடி எடுத்து வைக்க முடிகிறது என்றால் எக்ஸ்ரே தேவையில்லை. உலகத்தில் எத்தனையோ பேரின் எக்ஸ்ரே செலவை மிச்சம் பிடித்த அந்த நாலு அடியை நான் எட்டாக நடந்து காட்டினேன். எலும்பு பத்திரம். எலும்பையும் எலும்பையும் வெளிப்பக்கம் சேர்த்துக் கட்டியிருக்கும் நார்தான் லேசாக இழுபட்டிருக்கிறது.

“ஓடலாமா டாக்டர்?”

“கொஞ்ச நாள் போகட்டும்.”

‘கொஞ்ச நாள்’ என்ற அளவைக் குறித்துத் தனி நூலே எழுதலாம். கொத்தனார் சொன்னால் இரண்டு மாதம். கடன் வாங்கியவன் சொன்னால் முடிவிலி. மருத்துவர் மனதில் ஏறக்குறைய மூன்று வாரம் இருந்திருக்க வேண்டும். எனக்கு அது வியாழக்கிழமை வரை என்று கேட்டது.

அளவை

வலியை 0 முதல் 10 வரை எண்ணால் சொல்வது இப்போதைய முறை. இதை வைத்து ஸ்வீடனில் ஓர் அருமையான சோதனை செய்து 2007-ல் வெளியிட்டார்கள். அக்கிலீஸ் நாண் நோவுள்ள 38 பேர். ஒரு பாதியை ஓட்டம், குதிப்பை நிறுத்தச் சொன்னார்கள், மறுபாதியை நிபந்தனைகளோடு தொடரவிட்டார்கள். ஓடும்போதும் ஓடிய பிறகும் வலி 5 வரை போகலாம். மறுநாள் காலையிலும் 5-ஐத் தாண்டக்கூடாது. வாரத்துக்கு வாரம் ஏறவே கூடாது. இரு சாராரும் அதே பயிற்சிச் சிகிச்சையில் ஒரே மாதிரி தேறினார்கள். ‘மிகாவிட்டால் ஓடலாம்’ என்பதை ஸ்வீடன்காரர்கள் நன்னூல் படிக்காமலே கண்டுபிடித்துவிட்டார்கள்.

அந்தச் சோதனை நாணுக்கு. எனக்கு அடிபட்டது நாரில். அது ஆறும் கதை வேறு, மறுபடி மடங்கினால் விளைவும் வேறு. ஒருமுறை பிசகிய கணுக்கால்தான் மறுமுறை பிசகும் என்பது இத்துறையில் ஏறக்குறைய எல்லோரும் ஒப்பும் செய்தி. நாருக்குள் இருக்கும் நரம்பு நுனிகள், பாதம் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் வேலையை அடிபட்ட பிறகு ஒழுங்காகச் செய்வதில்லை. கண்ணை மூடி ஒற்றைக் காலில் நின்றால் தெரிந்துவிடும். வலது காலில் நான் 30 விநாடி நின்றேன். இடது காலில் 4 விநாடி. அதில் 2 விநாடி பீரோ நின்றது. இந்த முடிவு ஆய்வுக்கு வசதிப்படாததால் நீக்கப்பட்டது.

எண்முறையில் இன்னொரு குறை கண்டேன். ஒரே நாள், ஒரே கால். கேப்டன் கேட்டபோது வலி 1. மனைவி கேட்டபோது 2. மருத்துவரிடம் 4. வெள்ளிக்கிழமை இருப்புக் கணக்கெடுக்கக் குடோனுக்குப் போகச் சொன்ன மேலாளரிடம் 7. ஆகவே வலி என்பது காயத்தில் இல்லை, கேட்பவரிடத்தில் இருக்கிறது. இது நகைச்சுவை மட்டுமல்ல. இரண்டாம் உலகப்போரில் இத்தாலியப் போர்முனையில் படுகாயமடைந்த வீரர்களைப் பார்த்த ஹென்றி பீச்சர் என்ற அமெரிக்க மருத்துவர், அவர்களில் முக்கால்வாசிப் பேர் வலி மருந்து வேண்டாம் என்றதை 1946-ல் எழுதினார். அவர்களுக்குக் காயம் என்றால் வீடு திரும்பும் சீட்டு. எனக்குக் காயம் என்றால் குடோனிலிருந்து விடுதலை, ஓட்டத்திலிருந்து நீக்கம். ஒரே காலில் இரண்டு எதிரெதிர் லாபம் இருந்ததால் எண் அப்படி ஊசலாடியது.

களக்குறிப்புகளிலிருந்து சில. வலி மிகும் இடங்கள்: மாடிப்படி இறங்கும்போது (ஏறும்போது அவ்வளவு இல்லை, இறங்கும்போதுதான் கணுக்கால் அதிகம் மடங்குகிறது), அதிகாலை கழிவறைக்கு வைக்கும் முதல் அடி, கல்யாணப் பந்தியில் தரையில் உட்கார்ந்து எழும்போது, காய்கறி வாங்கப் போகச் சொன்னால். மிகா இடங்கள்: ஷூ போட்ட பிறகு, எங்கள் வயதுக்காரர் ஒருவர் நம்மைத் தாண்டிப் போகும்போது, புகைப்படக்காரர் நிற்கும் வளைவில். சூடேறிய உடம்பில் வலி ஒளிந்துகொள்ளும். அதனால் ஓடும்போது கிடைக்கும் சாட்சியம் ஏற்கத்தக்கதல்ல. மறுநாள் காலை அந்த முதல் அடிதான் நீதிமன்றம்.

வள்ளுவர் இதை முன்பே அறிந்திருந்தார். 48-ஆம் அதிகாரத்துக்கு ‘வலியறிதல்’ என்றே பெயர். உரைகாரர்கள் அதை வலிமை என்று பொருள்கொண்டு போய்விட்டார்கள். மயிலிறகுதானே என்று அளவு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்று அங்கே ஒரு குறள் வருகிறது. தினம் ஒரு கிலோமீட்டர்தானே என்று கூட்டிக்கொண்டே போய் எலும்பில் மயிரிழை விரிசல் வாங்கியவர்களை எங்கள் குழுவில் எனக்குத் தெரியும். அவர்கள் படித்திருக்க வேண்டிய அதிகாரம். கொம்பின் நுனிவரை ஏறியவன் அதற்கு மேலும் ஏற முயல்வதைப் பற்றியும் அடுத்ததாகவே சொல்கிறார். அதிகார வரிசையையும் கவனிக்க: 47 தெரிந்து செயல்வகை, 48 வலியறிதல், 49 காலமறிதல், 50 இடனறிதல். யோசி, வலியைப் பார், 19 நாள் போதுமா என்று பார், மரவேர் இல்லாத இடமா என்று பார். இதைவிட ஒழுங்கான சிகிச்சைத் திட்டம் நான் பார்க்கவில்லை.

இவ்வளவு படித்த பிறகு நான் கண்டது, என் கேள்வி கேள்வியே இல்லை என்பது. கேப்டனைக் கணக்கில் சேர்க்காமல் பதினொரு பேரிடம் கேட்டேன். பத்துப் பேர் வேண்டாம் என்றார்கள். பதினொன்றாவது ஆளைத் தேடித்தான் பத்துப் பேரையும் கடந்து வந்தேன். மூன்றாவது ஆளே ‘ஓடு’ என்றிருந்தால் ஆய்வு செவ்வாய்க்கிழமையே முடிந்திருக்கும்.

முடிவுகள்

பதினெட்டாம் நாள் போனது டி-ஷர்ட் வாங்க மட்டும்தான். கட்டிய காசுக்கு அதையாவது வாங்க வேண்டாமா? எண் அட்டையும் சேர்த்தே கொடுத்தார்கள். பத்தொன்பதாம் நாள் விடியற்காலை போனது நண்பர்களை உற்சாகப்படுத்த மட்டும். எண் அட்டையை நெஞ்சில் குத்திக்கொண்டது, இல்லாவிட்டால் உள்ளே விடமாட்டார்கள் என்பதால். முதல் தண்ணீர்ப் பந்தல் வரை நடக்கலாம் என்று கிளம்பினேன். ‘குடுகுடு’வில் வலி மிகாது என்ற விதி நினைவுக்கு வந்தது.

இடது காலைக் காப்பாற்றிக் காப்பாற்றி ஓடி, 1 மணி 31 நிமிடத்தில் முடித்தேன். எட்டாவது மெடல்.

திங்கட்கிழமை காலை முதல் அடி. இடது கணுக்கால்: 3. மிகவில்லை! கருதுகோள் நிறுவப்பட்டது என்று கத்தப் போனேன். இரண்டாவது அடி வைத்தேன். கட்டுப்பாட்டுக் குழு: 6. பத்து கிலோமீட்டரும் இடதின் பங்கையும் சேர்த்துச் சுமந்த வலது கால், குதிகாலுக்குச் சற்று மேலே. ஒற்றை விரலால் தொட்டுக் காட்டலாம்.

சுவரைப் பிடித்துக்கொண்டு சமையலறை வாசல் வரை வந்தேன். நெறியாளர் திரும்பிப் பார்க்கவில்லை. ஃபிரீசரைத் திறந்து ஆரஞ்சு பாக்கெட்டை எடுத்தாள்.

“எந்தக் காலுங்க?” என்றாள்.